ஏர் ஃபிரையர்: மீனுக்கும் வேர்க்கடலைக்கும் வாங்கலாம், போண்டாவுக்கு வேண்டாம்

தருமபுரி, கிருஷ்ணகிரி கடைகளில் மிக்ஸி, கிரைண்டர் வரிசைக்குப் பக்கத்திலேயே இப்போது ஏர் ஃபிரையரையும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். எண்ணெய் இல்லாமல் பொரிக்கலாம் என்ற பேச்சை நம்பி வாங்கியவர்கள் முதல் வாரமே பஜ்ஜி போட்டுப் பார்க்கிறார்கள். மாவு கூடை ஓட்டை வழியாக ஒழுகி அடியில் கருகுகிறது. அதோடு பெட்டி பரணுக்குப் போய்விடுகிறது. இதில் ஏமாற்றுவது பெயர்தான். 2010-இல் பிலிப்ஸ் நிறுவனம் இந்தப் பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்த நாள் முதல் இது பொரிக்கும் சாதனம் என்றே விற்கப்படுகிறது. உள்ளே இருப்பதோ ஒரு சின்ன ஓவன். மேலே சூடாகும் கம்பிச் சுருள் (காயில்), அதற்கு மேல் ஒரு விசிறி, கீழே ஓட்டை போட்ட தட்டுடன் ஒரு கூடை, அவ்வளவுதான். பொதுவாக 200 டிகிரி வரை சூடான காற்றை வேகமாகச் சுழற்றும். சுடுவதற்கும் வாட்டுவதற்கும் வறுப்பதற்கும் என்று நினைத்து வாங்கினால் காசு வீணாகாது. வாணலியை ஓரம் கட்டலாம் என்று நினைத்தால் வாங்காதீர்கள்.

180 டிகிரி எண்ணெயில் மாவு விழுந்த நொடியே வெளிப்பக்கம் இறுகிவிடும். காற்று அதே 180 டிகிரியில் இருந்தாலும் சூட்டை அவ்வளவு வேகமாக மாவுக்குக் கொடுக்க முடியாது. அதனால் பஜ்ஜி, போண்டா, உளுந்து வடை மூன்றும் இதில் ஆகாது. முறுக்கு, நிப்பட்டு (தட்டை) கதை வேறு. எண்ணெயில் வேகும்போது மாவிலிருக்கும் தண்ணீர் ஆவியாக வெளியேறி, அந்த இடத்தில் எண்ணெய் புகுகிறது. நிப்பட்டு பட்டென்று உடைந்து வாயில் கரைவது அதனால்தான். வெறும் காற்றில் தண்ணீர் மட்டும் போய், கல் மாதிரி இறுகிவிடும். 200 கிராம் அரிசி மாவுக்கு 3 டேபிள்ஸ்பூன் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றிப் பிசைந்து, 160 டிகிரியில் 15 நிமிடம் சுட்டால் சாப்பிடும்படி ஒன்று வரும். ஆனால் அது பிஸ்கெட் வகை. தீபாவளிக்கு நிப்பட்டு வேண்டுமென்றால் வாணலியை இறக்குங்கள்.

இதன் அருமை தெரிவது மீனில்தான். ஒகேனக்கல்லிலும் கே.ஆர்.பி. அணைப் பக்கமும் பொரித்துத் தரும் மீன் ருசி வராது. ஆனால் வீட்டுத் தோசைக்கல்லில் வறுப்பதைவிட நன்றாகவே வரும், மசாலா கல்லில் ஒட்டிக்கொண்டு மீன் மொட்டையாக வருகிற தொல்லையும் இல்லை. அரை கிலோ கட்லா அல்லது ரோகு, ஒரு விரல் கனத்துக்கு வெட்டிய துண்டுகள். கழுவியதும் துணியால் ஒற்றி எடுத்து ஈரத்தை முழுவதும் போக்குங்கள். பெரும்பாலான வீடுகளில் தவறுவது இந்த இடத்தில்தான். ஈரத்தோடு வைத்தால் முதல் ஐந்து நிமிடச் சூடு தண்ணீரை விரட்டவே சரியாகப் போய்விடும், மீன் அவிந்து வெளுத்து நிற்கும். மிளகாய்த்தூள் ஒன்றரை டீஸ்பூன், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், உப்பு ஒரு டீஸ்பூன், இஞ்சி பூண்டு விழுது ஒரு டேபிள்ஸ்பூன், அரை மூடி எலுமிச்சைச் சாறு, அரிசி மாவு 2 டீஸ்பூன், கடலெண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன். தண்ணீர் சொட்டுக்கூட வேண்டாம். இவற்றைக் குழைத்துத் தடவி அரை மணி நேரம் ஊற வையுங்கள்.

அந்த ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயை மிச்சம் பிடிக்காதீர்கள். மிளகாயின் நிறமும் காரமும் எண்ணெயில்தான் கரையும். எண்ணெய் படாத மிளகாய்த்தூள் சூடான காற்றில் காய்ந்து கருத்துப்போகும், ஆனால் பச்சை வாடை போகாது. ஏர் ஃபிரையரில் செய்த எதுவும் பொடி பொடியாக இருக்கிறது என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் எண்ணெயை அடியோடு விட்டவர்கள்தான்.

கூடைத் தட்டில் எண்ணெய் தடவி, 200 டிகிரியில் 4 நிமிடம் காலியாகச் சூடாக்குங்கள். துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி 180 டிகிரியில் 8 நிமிடம். நடுவில் திறந்து திருப்பிப் பார்க்க வேண்டாம், 6 நிமிடத்துக்கு முன்னால் தூக்கினால் மசாலா தட்டோடு தங்கிவிடும். எட்டாவது நிமிடம் மெல்லிய மரக் கரண்டியை அடியில் விட்டால் துண்டு தானாகக் கழன்று வரும். திருப்பிப் போட்டு, மேலே அரை டீஸ்பூன் எண்ணெய் தொட்டு வைத்து, 200 டிகிரியில் 4 நிமிடம். ஓரங்கள் சிவந்து, நடுமுள் பக்கத்துச் சதை வெள்ளையாகப் பிரிந்தால் எடுத்துவிடலாம். கால் கிலோ எடையுள்ள ஜிலேபி மீன் என்றால் முழுசாகவே கீறி மசாலா அடைத்து வைக்கலாம். ஒரு பக்கம் 10 நிமிடம், திருப்பி 5 நிமிடம்.

கறிக்கோழியில் எலும்பில்லாத துண்டுகளும் இப்படித்தான். 190 டிகிரி, 12 முதல் 14 நிமிடம், ஏழாவது நிமிடம் கூடையை ஒரு குலுக்கு. தோலோடு தொடைத்துண்டு வைத்தால் கொழுப்பு உருகி அடியில் விழுந்து புகையும். கூடைக்குக் கீழே இருக்கும் பாத்திரத்தில் 2 டேபிள்ஸ்பூன் தண்ணீர் விட்டு வைத்தால் புகை அடங்கும்.

நம் பகுதி வீடுகளுக்கு மீனுக்கு அடுத்தபடியாக இது பயன்படுவது வேர்க்கடலைக்கு. தோலோடு இருக்கும் பருப்பு கால் கிலோ, 160 டிகிரி, 12 முதல் 14 நிமிடம், நாலு நிமிடத்துக்கு ஒருமுறை குலுக்க வேண்டும். அடுப்படியில் நின்று கிளற வேண்டிய வேலை இல்லை, மணல் தேடவும் வேண்டாம். எடுக்கும்போது பருப்பு சற்று மெத்தென்றுதான் இருக்கும். ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும். சூட்டில் கடித்துப் பார்த்துவிட்டு இன்னும் ஐந்து நிமிடம் வைப்பவர்கள் கடலையைக் கசக்க வைத்துவிடுவார்கள். இன்னொன்று, உதிர்ந்த தோல் கலந்த கடலையை வைக்கக் கூடாது. அந்தச் சிவப்புத் தோல் இறகைவிட லேசு. விசிறி அதை மேலே இழுத்துக் காயிலில் ஒட்ட வைக்கும், தீய்ந்த வாடை அடுத்த நாள் சமையல் வரை வரும். அப்பளமும் இப்படித்தான் பறக்கும். மேலே கம்பி ஸ்டாண்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் ஒழிய அப்பளம் சுடாதீர்கள். பட்டர் பேப்பரைப் போட்டுக் காலியாகச் சூடாக்குவது அதைவிட ஆபத்து, காயிலைத் தொட்டால் பற்றிக்கொள்ளும்.

ராகி வடையைப் பொறுத்தவரை, தட்டை அடை மாதிரித் தட்டினால் வரும், பக்கோடா மாதிரி உதிர்த்துப் போட்டால் வராது. ராகி மாவு 2 கப், பொடியாக நறுக்கிய வெங்காயம் ஒன்று, பச்சை மிளகாய், ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, உப்பு. இதில் 2 டேபிள்ஸ்பூன் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றி, வெந்நீர் தெளித்துப் பிசையுங்கள். பச்சைத் தண்ணீரில் ராகி மாவு பிடிப்பு கொடுக்காது, சூடு பட்டால்தான் இழுவை வரும். பத்து நிமிடம் மூடி வைத்து, வாழை இலையில் அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டுங்கள். ஓரம் வெடித்தால் தண்ணீர் போதவில்லை என்று பொருள், கையை நனைத்துத் தடவிச் சரி செய்துகொள்ளலாம். கீரை மாவுக்குள் புதைந்திருக்க வேண்டும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இலை கருகிவிடும். இரண்டு பக்கமும் எண்ணெய் தடவி 180 டிகிரியில் 7 நிமிடம், திருப்பி 5 நிமிடம். சுடச்சுடச் சாப்பிட வேண்டிய பண்டம் இது. அரை மணி நேரம் கழித்து விரைத்துவிடும்.

மரவள்ளிக் கிழங்கை முக்கால் பதம் வேகவைத்து, விரல் விரலாக வெட்டி, எண்ணெய் புரட்டி 200 டிகிரியில் 15 நிமிடம் வைத்தால் வெளியே மொறுமொறு, உள்ளே மாவு. அதையே பச்சையாகச் சீவி சிப்ஸ் போட நினைத்தால் பாதி கருகும், பாதி தோல் மாதிரி ஆகும். கொத்சுக்குக் கத்தரிக்காய் சுட 200 டிகிரி, 20 நிமிடம். நாலு இடத்தில் குத்தாமல் வைத்தால் வெடித்து உள்ளெல்லாம் தெறிக்கும். நேற்று வாங்கி நமுத்துப்போன நிப்பட்டு 150 டிகிரியில் 3 நிமிடம், பேக்கரி முட்டை பப்ஸ் 160 டிகிரியில் 4 நிமிடம். சாதாரண மைக்ரோவேவில் இதைச் செய்தால் சவசவத்துப் போகும், இதில் புதிதாக வாங்கியது மாதிரி ஆகிவிடும். கருவாடும் நன்றாக வரும், ஆனால் வாடை போக அடிப் பாத்திரத்தில் வெந்நீரும் எலுமிச்சைத் தோலும் போட்டு ஊற வைக்க வேண்டியிருக்கும்.

இனி மின்சாரம். செய்முறைப் புத்தகத்தில் 12 நிமிடம் என்றிருப்பது நம் கிராமத்து வீட்டில் 20 நிமிடம் ஆனால் பொருள் பழுது என்று முடிவு கட்டாதீர்கள். காயில் தரும் சூடு மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதாவது வோல்ட் பாதியானால் சூடு கால்வாசிதான். 230 வோல்ட்டில் 1400 வாட் தரும் காயில், மாலையில் லைன் 180 வோல்ட்டுக்கு இறங்கினால் ஏறத்தாழ 860 வாட்தான் தரும். கொடுக்க வேண்டிய சூட்டில் நாலு பங்கில் ஒன்றரைப் பங்குக்கு மேல் குறைந்துபோகிறது. பல மாடல்களில் திரையில் தெரியும் 200 என்பது நாம் வைத்த அளவு, உள்ளே இருக்கும் சூடு அதுவாக இருக்க வேண்டியதில்லை. லோ வோல்டேஜ் நேரத்தில் 8 நிமிடம் முன்சூடு, பாதி அளவு பண்டம் என்று வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். பிரிட்ஜுக்கு வாங்கிய ஸ்டெபிலைசரில் இதைச் செருகக் கூடாது, அது இந்தச் சுமையைத் தாங்காது. வீட்டு இன்வெர்ட்டரும் அப்படியே.

1400 வாட் என்றால் 6 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். அதனால் 6 ஆம்பியர் மட்டுமே தாங்கும் சின்ன பிளக்கில் அடாப்டர் மாட்டி ஓட்டினால் பிளக் உருகலாம். பெரிய 16 ஆம்பியர் பாயின்ட் அடுப்படியில் இல்லையென்றால் முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், பிறகு கடைக்குப் போங்கள். செலவு பெரிதில்லை. 20 நிமிடம் ஓடினால் அதிகம் போனால் 0.47 யூனிட். இரண்டு மாதத்தில் நாற்பது முறை ஓட்டினாலும் 19 யூனிட்தான். கணக்கெடுப்பில் ஏற்கெனவே 500 யூனிட் ஓரத்தில் நிற்கிற வீடு மட்டும் யோசிக்க வேண்டும், அந்தக் கோட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடுகிறது.

கரண்ட் போய் வரும் வீட்டில் இன்னொரு சிக்கல். திருகும் டைமர் பெரும்பாலும் ஸ்பிரிங்கில் ஓடுவது. கரண்ட் இல்லாவிட்டாலும் அது ஓடி மணி அடித்துவிடும், கறி அரைவேக்காட்டில் கிடக்கும். டச் மாடல்களில் பல, கரண்ட் வந்ததும் முதலிலிருந்து வைக்கச் சொல்லும். இரண்டில் திருகு மாடலே மேல். பழுதாகும் பாகங்கள் குறைவு.

அளவு விஷயத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். நாலு லிட்டர் என்பது கூடையின் கொள்ளளவு. மீனையோ அடையையோ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடியாது, காற்று நுழையாத இடம் வேகாது. ஆகவே பார்க்க வேண்டியது தட்டின் அகலம். உள்பக்கம் 20 சென்டிமீட்டர் இருந்தால் மீன் ஐந்தாறு துண்டுதான் கொள்ளும். ஐந்து பேர் வீட்டில் மூன்று ஈடு போட வேண்டும், கடைசி ஈடு வருவதற்குள் முதல் ஈடு ஆறிவிடும். கடைக்கு ஒரு டேப் கொண்டுபோய் உள்ளே அளந்து பாருங்கள். இரண்டு மூன்று பேருக்கு நாலு லிட்டர் போதும். அதற்கு மேல் இருந்தால் உள்பக்கம் 24 சென்டிமீட்டருக்குக் குறையாத சதுரக் கூடை வேண்டும்.  விலை ஏற ஏற ருசி ஏறுவதில்லை. கூடையின் கனமும் கோட்டிங்கும்தான் மாறும். வீட்டில் விசிறி வைத்த ஓ.டி.ஜி. (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின் அடுப்பு) ஏற்கெனவே இருந்தால் இது தேவையே இல்லை, முன்சூட்டுக்குப் பத்து நிமிடம் கூடுதலாகும், வித்தியாசம் அவ்வளவுதான்.

பின்பக்கம் சூடான காற்று வெளியேறும் துளையிலிருந்து சுவர் ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். ஒட்டி வைத்தால் சூடு வெளியேற வழியில்லாமல் அதிகச் சூட்டில் கரண்டைத் துண்டிக்க உள்ளே வைத்திருக்கும் தெர்மல் ஃபியூஸ் போகும். ஓடவே இல்லையென்றால் முதலில் கூடை முழுவதும் உள்ளே போய்ப் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள், பொருந்தாவிட்டால் உள்ளிருக்கும் சுவிட்ச் கரண்ட் விடாது. மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறவிட்டு, கவிழ்த்து, சோப்புத் தண்ணீர் தொட்ட பழைய டூத் பிரஷால் காயிலைத் துடைக்க வேண்டும். புகைக்கும் வாடைக்கும் பாதிக் காரணம் அங்கே படிந்த எண்ணெய்ப் பிசுக்கு.

முதலில் கெடுவது எப்போதும் கூடையின் கோட்டிங்தான். கம்பி நார் ஒரு தடவை பட்டாலே போதும், உரியத் தொடங்கிவிடும். ஸ்பிரே டப்பா எண்ணெயும் பிசுபிசுவென்று படிந்து கோட்டிங்கைக் கெடுக்கும், பிரஷால் தடவுவதே நல்லது. எனவே பணம் கட்டுவதற்கு முன்னால் கடைக்காரரிடம் இரண்டு கேள்வி: இந்த மாடலுக்குக் கூடையும் தட்டும் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை? பழுதானால் இங்கேயே பார்ப்பார்களா, சேலத்துக்கோ ஓசூருக்கோ தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? கூடை தனியாகக் கிடைக்காது என்று சொன்னால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அந்த மாடலை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.