மாதக் கட்டணத்தில் ‘பாடசாலைப் பொதி’ வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

ஹட்டன், தலவாக்கலை பக்கத் தோட்டங்களில் இருப்பவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள். சம்பளம் போட்ட மறுநாள் லயத்துக்கு, அதாவது நாம் இருக்கிற வரிசை வீடுகளுக்கு வந்து, மாதம் 750 ரூபாய் கட்டினால் பாடசாலை தொடங்க முன்னால் கொப்பி, பேனை, பை எல்லாம் ஒரு பெட்டியில் போட்டுத் தருவோம் என்று, கட்டுகிற காசைக் குறிக்க ஓர் அட்டை கொடுக்கிறார்களே, அவர்களிடம் நாங்களும் கட்டினோம். எங்கள் லயத்தில் பாதிப் பேர் கட்டினார்கள். வந்து சேர்ந்த பெட்டியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

இலங்கையில் பாடநூல் 1980இல் இருந்தும் சீருடைத் துணி 1993இல் இருந்தும் அரசாங்கத்திடமிருந்து இலவசமாக வருகிறது. மற்றதெல்லாம் நம் தலையில்தான். அதுவும் என் மகள் ஆறாம் தரத்துக்குப் போகிற வருடம். ஐந்தாம் தரம் வரைக்கும் பெரும்பாலும் ஒரே டீச்சர், நாலைந்து கொப்பி, கதை முடிந்தது. ஆறாம் தரத்தில் தமிழ், கணிதம், விஞ்ஞானம், வரலாறு, புவியியல், குடியுரிமைக் கல்வி, சுகாதாரம், சைவநெறி, ஆங்கிலம், சிங்களம் என்று வரிசையாக நிற்கும். பாடத்துக்கு ஓர் ஆசிரியர், ஆளுக்கொரு விதமான கொப்பி கேட்பார்கள். தீபாவளி அட்வான்ஸைப் பிடித்துக்கொண்டு மிச்சச் சம்பளம் கைக்கு வருகிற நேரத்தில் பாடசாலை கொடுக்கிற சாமான் துண்டைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போவது லேசான காரியமில்லை. விற்க வருகிறவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும்.

வந்தது பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி. “அக்கா, ஸ்கூல்ல குடுக்குற லிஸ்ட்டுல உள்ள மாதிரியே வரும், ஒண்ணும் குறையாது” என்றாள். சாம்பிள் என்று ஒரு பெட்டியும் கொண்டுவந்து இஸ்தோப்பில், முன் விறாந்தையில் வைத்துப் பிரித்துக் காட்டினாள். அந்தச் சாம்பிள் உண்மையிலேயே நல்ல சாமான். எங்களுக்கு வந்தது அது இல்லை.

மேலாகப் பார்த்தால் குறை தெரியாது. கொப்பிக்குப் பளபளப்பான அட்டை, அதில் கார்ட்டூன் படம். 120 பக்கம் என்று அச்சடித்திருந்த கொப்பியை மகள் விளையாட்டாக எண்ணினாள், 96தான் இருந்தது. அட்டை தடிப்பு என்பதால் கையில் பிடிக்கும்போது வித்தியாசம் தெரியவில்லை. கணிதத்துக்குச் சதுரக் கோட்டுக் கொப்பி கேட்டிருந்தார்கள். வந்ததில் ஒன்றுகூடச் சதுரக் கோடு இல்லை, எல்லாம் ஒற்றை ரூல்.

பெரிய ஏமாற்று சி.ஆர். கொப்பியில், அதாவது கெட்டி அட்டை போட்ட தடித்த கொப்பியில் நடந்தது. ஒழுங்கான சி.ஆர். கொப்பியை நடுவில் விரித்தால் மடிப்பில் நூல் தையல் தெரியும். இவற்றில் தையலே இல்லை. தாளை அடுக்கி, முதுகில் பசையைத் தடவி, மேலே துணிப்பட்டி ஒட்டியிருக்கிறார்கள். ஈரத்தில் லயத்து அறைச் சுவரே வியர்க்கிற ஊரில் அந்தப் பசை எத்தனை நாளைக்குப் பிடிக்கும்? பாடசாலை முதலாம் தவணை முடியவில்லை, விஞ்ஞானக் கொப்பி கொத்துக் கொத்தாகக் கழன்றது. சின்னக் கொப்பிகளுக்கு நடுவில் ஒரேயொரு பின். அவற்றில் ஒரு தாள் கிழிந்தால் அதன் மறுபாதியும் சேர்ந்து விழும். மறுபாதியில் போன மாதம் எழுதிய பாடம் இருக்கும்.

பை விஷயம் இன்னும் மோசம். உள்ளே தடுப்பு எதுவும் இல்லை, ஒரே பள்ளம். தண்ணீர்ப் போத்தலும் சாப்பாட்டுப் பெட்டியும் கொப்பியும் ஒன்றாகக் கிடக்கும். தோள்பட்டியை வெளித்துணியோடு மட்டும் தைத்திருந்தார்கள். பாடநூல்கள் நிறைந்த பாரத்துக்கு அது கிழிந்துகொண்டே வந்தது. கவராயத்தின் திருகு நிற்காது. வட்டம் கீறினால் தொடங்கின இடத்துக்கு வந்து சேராது. பென்சிலைக் கூராக்கக் கூராக்கக் கரி உடைந்து விழும். ஃபைலின் கிளிப் துருப்பிடித்து, ஆசிரியர் கொடுக்கிற டியூட் பயிற்சித் தாளெல்லாம் மஞ்சள் கறை.

காசு போனதைக்கூட விட்டுவிடலாம். பிள்ளை பட்ட பாட்டைத்தான் பொறுக்க முடியவில்லை. எல்லாக் கொப்பிக்கும் ஒரே அட்டை, ஒரே படம். காலையில் லைட் இல்லாத நாளில் வரலாறு என்று நினைத்துப் புவியியலை எடுத்துக்கொண்டு போவாள். கழன்ற தாள்களை எந்தக் கொப்பியில் சொருகினோம் என்று தெரியாது. வீட்டு வேலை செய்திருப்பாள், காட்டத் தாள் இருக்காது. பெற்றோர் கூட்டத்தில் வகுப்பாசிரியர், “கெட்டிக்காரிதான், ஆனா எதையும் ஒழுங்கா வச்சுக்கிறதில்ல” என்றார். மேசையில் அந்தக் கொப்பியை வைத்துத் திறந்து காட்டினேன். சேர் ஒன்றும் சொல்லாமல் நூல் எடுத்துத் தைக்கிற விதத்தைச் சொல்லிக் கொடுத்தார். நல்ல மனுஷன்.

முறைப்பாடு சொல்ல அட்டையிலிருந்த நம்பருக்கு அடித்தால் முதலில் எடுத்தார்கள், அப்புறம் எடுப்பதில்லை. அந்தப் பிள்ளையைப் பிடித்துக் கேட்டால், தனக்கே கமிஷன் இன்னும் வரவில்லை என்று அழுகிறாள். அவளைத் திட்டி ஒரு பிரயோசனமும் இல்லை. தன் கையில் மிச்சமிருந்த கொஞ்சக் கொப்பியை மாற்றித் தந்தாள், அவ்வளவுதான்.

எங்கள் கையில் இருந்தது மாதா மாதம் சரி போட்ட அட்டை மட்டும். அதில் கம்பனி விலாசம் இல்லை, என்ன சாமான் எத்தனை என்ற விவரமும் இல்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி நாம் கேட்டால் விற்கிறவர் பற்றுச்சீட்டு தந்தே ஆக வேண்டும். சாமான் பிழையென்றால் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம், ஆனால் வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கொப்பி கழலத் தொடங்குவதே மூன்றாவது மாதத்தில்தான் என்பதைக் கவனியுங்கள். அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977.

யாரிடம் வாங்கினாலும் கடைசிக் காசைக் கொடுக்க முன்னால் பெட்டியை அவர்கள் முன்னாலேயே பிரியுங்கள். சி.ஆர். கொப்பியை நடுவில் விரித்துத் தையல் பாருங்கள். ஒரு கொப்பியையாவது பக்கம் எண்ணுங்கள். பென்சிலின் அடியைப் பார்த்தால் கரி நடுவில் இருக்கிறதா, ஓரத்தில் ஒதுங்கியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஓரத்தில் இருந்தால் உடையும். கவராயத்தால் அட்டைப் பெட்டி மேலேயே ஒரு வட்டம் கீறுங்கள். பையை உள்பக்கம் திருப்பித் தோள்பட்டித் தையலை இழுத்துப் பாருங்கள். இதற்கெல்லாம் கால் மணி நேரம் போதும், முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

முடிந்தால் பொதியாக வாங்கவே வேண்டாம். தவணைக்குத் தேவையானதை மட்டும் டவுன் கடையில் வாங்கலாம், பிழையென்றால் மறுநாள் அதே கடை வாசலில் போய் நிற்கலாம். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம். கொப்பிகளின் முதுகில் பாடத்துக்கு ஒரு நிற டேப் ஒட்டி, நேரசூசியையும் அதே நிறங்களில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறோம். இரவிலேயே பையை அடுக்கிவிட்டுத்தான் மகள் படுக்கிறாள்.

இந்த வருடமும் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். கம்பனிப் பெயர் வேறு, அட்டை மட்டும் அதே பச்சை அட்டை. உங்கள் லயத்துக்கு வந்தால் முதலில் விலாசமும் பற்றுச்சீட்டும் கேளுங்கள். எங்கள் கீழ் லயத்தில் அப்படிக் கேட்டபோது, “அடுத்த மாசம் கொண்டாறோம்” என்று சொல்லிவிட்டு அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்.