நட்பு நிலையம்: உள்ளே நல்லம், வாசலைத்தான் கண்டுபிடிக்க ஏலாது

அரசாங்க ஆசுபத்திரிகளில் வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக 'நட்பு நிலையம்' என்று ஒன்று இருப்பது மட்டக்களப்பில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, எனக்குப் போன மாதம்தான் தெரியும். கம்பஸில் படிக்கிற என் பெறாமகளை, நோட்ஸ் தருகிறேன் என்று கூப்பிட்டு, கூடப் படிக்கிறவனே பலவந்தம் செய்துவிட்டான். விடியப்புறம் போடிங்கிலிருந்து கோல் எடுத்து, "சித்தி, இது ஆசுபத்திரிக்குப் போற அளவுக்குப் பெரிய விசயமா எண்டு தெரியல்ல" என்றாள்.

முதலில் குறையைச் சொல்கிறேன். துண்டு எடுக்கிற இடத்தில் பின்னால் இவ்வளவு சனம் நிற்க, "என்ன வருத்தம்?" என்று சத்தமாகக் கேட்கிறார்கள். நட்பு நிலையம் என்றால் அங்கே இருந்தவருக்கே தெரியவில்லை. காவலாளி மருந்து கொடுக்கிற பக்கம் அனுப்பினார். அலைந்து திரிந்து பார்த்தால் பெயர்ப்பலகை திறந்து கிடந்த கதவுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. அதற்குள் இவள் இரண்டு தரம் "வீட்ட போவம்" என்றுவிட்டாள்.

உள்ளே இருந்த மிஸ்ஸை மறக்கவே மாட்டேன். கதவைச் சாத்திவிட்டு, தன் போனை லாச்சிக்குள் வைத்துவிட்டு, "சொல்ல ஏலாட்டி சொல்லவேணாம் மகள், சும்மா இருங்க" என்றார். கனநேரம் அப்படியே இருந்தோம். உடுப்பைச் சொப்பிங் பையில் கொண்டு போயிருந்தோம், பிளாஸ்டிக்கில் ஈரம் பிடித்துத் தடயம் பழுதாகும் என்று கடதாசிப் பைக்கு மாற்றச் சொன்னார். குளிக்காமல் வந்தது நல்லம் என்றார், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும், கர்ப்பத் தடுப்பு மாத்திரையும் முந்திக் குடித்தால்தான் நல்லது என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். பொலிசுக்குப் போவதா என்று அவளைத்தான் கேட்டார், என்னை இல்லை. ஒரு சதம் செலவில்லை.

2019இல் அமெரிக்காவில் 33 பல்கலைக்கழகங்களில் எடுத்த கணக்கெடுப்பில், பட்டப்படிப்பு மாணவிகளில் 25.9 வீதமானோர் படிக்க வந்த பிறகு தங்கள் சம்மதமில்லாமல் பாலியல் ரீதியாகத் தொடப்பட்டதாகச் சொல்லியிருந்தார்கள். உதவி தேடிப் போகாதவர்களில் கனபேர் சொன்ன காரணம், அவ்வளவு பெரிய விசயமில்லை என்று நினைத்தோம் என்பது. வாசித்தபோது இவள் அன்று போனில் கேட்டதுதான் காதில் விழுந்தது. அப்படி யோசித்து யோசித்து வருகிற பிள்ளையை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பலாமா? அம்புக்குறி போட்ட ஒரு பலகையும், துண்டு எழுதுகிறவருக்கு ஒரு வார்த்தை சொல்லி வைப்பதும் அவ்வளவு கஷ்டமா?

ஆசுபத்திரிக்குப் போக முடியாதவர்கள் 1938க்கு எடுக்கலாம், பெண்களுக்கான அரச உதவி இலக்கம்.

அடுத்த கிழமை திரும்ப வரச் சொல்லியிருக்கிறார் மிஸ். துண்டு எடுக்க வரிசையில் நிற்க வேண்டாமாம், பின்பக்கப் படியால் நேரே வரட்டாம்.