கீபோர்டு போனுக்கு உச்ச ரக பிராசஸர் தேவையா?

நிஜ விசைகள் கொண்ட புதிய கீபோர்டு போன் ஒன்று அறிவிக்கப்பட்டதும் முதலில் எழும் குறை பெரும்பாலும் சிப்பைப் பற்றி, அதாவது பிராசஸரைப் பற்றித்தான் இருக்கும். ‘இந்த விலைக்கு நடுத்தர பிராசஸரா?’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதே பணத்துக்குத் தொடுதிரை போன் வாங்கினால் இதைவிட மேலான சிப் கிடைக்கும். ஆனாலும் கீபோர்டு போனுக்கு உச்ச ரக சிப் தேவையில்லை என்பதுதான் என் கட்சி. அதற்காக எதையாவது உள்ளே போட்டு விற்கலாம் என்று சொல்ல வரவில்லை. எந்த வேலைக்கு எவ்வளவு வேகம் வேண்டும், எந்த இடத்தில் வேகம் வீணாகிறது என்பதைப் பழைய போன்களே தெளிவாகக் காட்டிவிட்டன. அவற்றைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தீர்த்துக்கொள்ளலாம். தட்டச்சு செய்வதற்கு வேகமான சிப் வேண்டியதே இல்லை. 2008இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனான ஜி1இல் இருந்தது 528 மெகாஹெர்ட்ஸ் பிராசஸரும் 192 எம்பி ரேமும்தான். அதிலும் கீபோர்டு இருந்தது, தட்டினால் எழுத்து வந்தது. பிராசஸரைத் திணற வைப்பவை வேறு: கனமான இணையப் பக்கங்கள், பின்னணியில் ஓடும் ஆப்கள், படங்களும் வீடியோவும். இவை கீபோர்டு போனிலும் தொடுதிரை போனிலும் ஒன்றேதான். ஆகவே ‘கீபோர்டு இருப்பதால் குறைந்த சிப் போதும்’ என்ற வாதத்தையும் நான் ஏற்கமாட்டேன்.

சரி, இப்போது பிளாக்பெரியின் 2014ஆம் ஆண்டுக்குப் போவோம். இந்த விவாதத்துக்கு அதைவிட நல்ல சோதனைக்களம் கிடைக்காது. ஒரே நிறுவனம், ஒரே ஆண்டு, ஒரே பிளாக்பெரி 10 இயங்குதளம். பாஸ்போர்ட் என்ற போனில் குவால்காம் நிறுவனத்தின் அன்றைய உச்ச ரகமான ஸ்னாப்டிராகன் 801, 3 ஜிபி ரேம். கிளாசிக் என்ற போனில் ஸ்னாப்டிராகன் எஸ்4 பிளஸ், 2 ஜிபி ரேம். இரண்டே கோர்கள் (கணிப்பு அலகுகள்) கொண்ட அந்தச் சிப் அப்போதே பழசு. முந்தைய ஆண்டின் கியூ10 போனிலேயே வந்துவிட்டது. காகிதத்தில் பார்த்தால் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் பாஸ்போர்ட்டின் திரை 1440க்கு 1440, கிளாசிக்கினுடையது 720க்கு 720. அதாவது பாஸ்போர்ட் நான்கு மடங்கு பிக்சல்களை இழுக்க வேண்டியிருந்தது. சிப்பின் கூடுதல் பலத்தில் ஒரு பங்கு அந்தத் திரைக்கே போய்விட்டது. மின்னஞ்சல் படிப்பது, பதில் எழுதுவது, நாட்காட்டி பார்ப்பது போன்ற வேலைகளை இரண்டும் ஒழுங்காகச் செய்தன. வித்தியாசம் எங்கே தெரிந்தது என்றால், கனமான இணையப் பக்கங்களிலும், உள்ளே ஒட்டவைத்திருந்த ஆண்ட்ராய்டு ஆப்களிலும். அங்கே கிளாசிக் மூச்சு வாங்கியது, பாஸ்போர்ட் சமாளித்தது. இயங்குதளத்துக்காகவே எழுதப்பட்ட மென்பொருளுக்குப் பழைய சிப் போதும், வேறொன்றுக்காக எழுதிய கனமான ஆப்புக்குப் போதாது. இன்றைய கீபோர்டு போன்கள் பெரும்பாலும் ஆண்ட்ராய்டில் ஓடுவதால், இந்த இரண்டாவது பாதிதான் நமக்கு முக்கியம்.

அடுத்த ஜோடி பிளாக்பெரியின் பிரிவ் (Priv), கீஒன் (KeyOne) என்ற ஆண்ட்ராய்டு போன்கள். 2015இல் வந்த பிரிவில் உயர் ரக ஸ்னாப்டிராகன் 808; 20 நானோமீட்டரில் செய்தது (இந்த எண் சிறிதானால் தயாரிப்பு நுட்பம் புதிது), அதில் இரண்டு பெரிய ஏ57 வகைக் கோர்கள். 2017இல் வந்த கீஒன்னில் நடுத்தர ஸ்னாப்டிராகன் 625. 14 நானோமீட்டர், எட்டும் சின்ன ஏ53 கோர்கள். பேட்டரி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: பிரிவில் 3410, கீஒன்னில் 3505 மில்லிஆம்பியர் மணி. பிரிவ் சூடாகும், பேட்டரி கரையும் என்று பலரும் குறைப்பட்டார்கள். கீஒன் பெயர் வாங்கியதே நெடுநேரம் தாங்கும் போன் என்றுதான். திரையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பிரிவின் 2560க்கு 1440 திரையில் சுமார் 37 லட்சம் பிக்சல்கள், கீஒன்னில் அதில் பாதிகூட இல்லை.

வேகமான சிப் வேலையைச் சட்டென்று முடித்துவிட்டுத் தூங்கிவிடும், அதனால் மின்சாரம் மிச்சமாகும் என்பது உச்ச ரகத்துக்கு ஆதரவான நல்ல வாதம். நவீன நுட்பத்தில் செய்த சிப்புகளில் அது உண்மையும்கூட. ஆனால் அந்த மிச்சத்தைத் தருவது பெரும்பாலும் புதிய தயாரிப்பு நுட்பம்தான். உச்ச ரகம் என்ற பட்டம் இல்லை. புதிய நடுத்தர சிப்பிலும் அதே பலன் கிடைக்கும். உச்ச வேகத்தில் ஓடும்போது வரும் சூட்டை வெளியேற்ற இடமும் வேண்டும். முன்பக்கத்தின் கீழ்ப்பகுதியைக் கீபோர்டுக்குக் கொடுத்துவிட்ட போனிலும், இரண்டு அடுக்காக நகரும் ஸ்லைடரிலும் அந்த இடம் தாராளமாகக் கிடைப்பதில்லை. சூடானதும் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கொடுத்த காசு அங்கேயே கரைகிறது.

இதுவரை சொன்னதைவிடப் பெரிய விஷயம் அப்டேட். உச்ச ரகம் கேட்பவர்களின் மிக வலுவான வாதம் இதுதான்: கீபோர்டு போனுக்கு மாற்று எளிதில் கிடைக்காது, அதனால் வாங்கியவர் ஐந்தாறு ஆண்டு வைத்திருப்பார், எனவே இன்றைக்கு அதிகமாகத் தெரியும் சிப் நாளைக்குச் சரியாக இருக்கும். கேட்க ஞாயமாக இருக்கிறது. நடந்தது வேறு. 808 வைத்த பிரிவ் ஆண்ட்ராய்டு 6இல் நின்றது. அதே 808 வைத்த, அதே ஆண்டு வந்த நெக்ஸஸ் 5எக்ஸ் ஆண்ட்ராய்டு 8.1 வரை போனது. 2018இல் வந்த பிளாக்பெரி கீ2இல் ஸ்னாப்டிராகன் 660, ஆண்ட்ராய்டு 8.1உடன் வந்து அதிலேயே முடிந்தது. அதே ஆண்டு, அதே 660, அதே 8.1உடன் வந்த ஷாவ்மி மி ஏ2 ஆண்ட்ராய்டு 10 வரை ஏறியது. சிப் ஒன்றுதான், ஆயுள் வேறு. பிளாக்பெரியின் ஆண்ட்ராய்டு போன்களில் பூட்லோடர் (போனைத் துவக்கி இயங்குதளத்தை ஏற்றும் மென்பொருள்) பூட்டியே இருந்ததால், பயனர்கள் தாங்களாக வேறு இயங்குதளம் ஏற்றிக்கொள்ளவும் வழியில்லை. கீ2இன் விசைகள் இன்றும் அழகாக வேலை செய்யும், உள்ளே இருக்கும் மென்பொருள் மட்டும் 2018இன் தலைமுறையிலேயே நிற்கிறது. எனக்கு இதில் உள்ள வருத்தம் கொஞ்சம் இல்லை. அந்தப் போனுக்குள் 660க்குப் பதில் அன்றைய உச்ச ரக 845ஐ வைத்திருந்தாலும் இந்த முடிவு மாறியிருக்காது.

கீபோர்டு இல்லாத போன்களிலிருந்தும் ஓர் உதாரணம். 2015இல் வந்த ஃபேர்போன் 2இலும் பாஸ்போர்ட்டில் இருந்த அதே உச்ச ரக 801தான். குவால்காம் அந்தச் சிப்புக்கு ஆண்ட்ராய்டு 7க்கான ஆதரவைத் தரவில்லை. ஃபேர்போன் தானே உழைத்து, சமூகத்தின் உதவியுடன் ஆண்ட்ராய்டு 10 வரை கொண்டுபோனது. பின்னர் 2023இன் ஃபேர்போன் 5க்கு அது தேர்ந்தெடுத்தது குவால்காமின் கியூசிஎம்6490. தொழிற்துறைக் கருவிகளுக்காக நெடுநாள் ஆதரவுடன் விற்கப்படும் நடுத்தர வேகச் சிப் அது. நெடுநாள் நீடிக்க வேண்டும் என்பதையே நோக்கமாகக் கொண்ட நிறுவனம் இப்படி ஒரு சிப்பைத் தேடிப் போனது கவனிக்க வேண்டிய ஒன்று.

சிறு நிறுவனங்களின் கஷ்டத்தையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் இன்று கீபோர்டு போன் செய்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். எஃப்எக்ஸ்டெக் என்ற நிறுவனத்தின் புரோ1 போன் 2019இல் வந்தபோது உள்ளே இருந்தது 2017இன் உச்ச ரகமான ஸ்னாப்டிராகன் 835. குறைந்த எண்ணிக்கையில் வாங்குபவருக்குப் புத்தம் புதிய உச்ச ரக சிப் எளிதில் கட்டுப்படியாகாது. ஓரிரு ஆண்டு பழையதுதான் கைக்கு எட்டும். அடுத்த புரோ1 எக்ஸையும் 835உடனே முன்பதிவுக்கு விட்டார்கள். ஆனால் சிப்பின் உற்பத்தியே முடிவுக்கு வர, பாதி வழியில் ஸ்னாப்டிராகன் 662க்கு மாற வேண்டியதாயிற்று. உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையை மறுபடி வடிவமைத்து, மென்பொருளை மறுபடி பொருத்தி, வாங்கியவர்களைக் காக்க வைத்தார்கள். இரண்டு சிப்பிலும் பெரிய கோர்கள் ஏ73 வழிவந்தவைதான். பெரிதாக இறங்கியது கிராஃபிக்ஸ். அந்தப் போனை எழுதவும் படிக்கவும் வாங்கியவருக்கு அதனால் வந்த நஷ்டத்தைவிடக் காத்திருந்ததால் வந்த நஷ்டமே அதிகம். புரோ1க்கு ஒரு பெருமை உண்டு: பூட்லோடரைத் திறக்க அனுமதித்ததால் ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்டு சமூகம் செய்யும் லினியேஜ் ஓஎஸ் அதற்கு வந்தது. பழைய உச்ச ரக சிப்பை அங்கே வாழவைத்தது அந்தத் திறந்த கதவு.

கீழ் எல்லையில் நான் கறாராக இருப்பேன். யூனிஹெர்ட்ஸின் டைட்டன் ஸ்லிம் 2022இல் வந்தபோது உள்ளே இருந்தது 2018இல் அறிவிக்கப்பட்ட, மீடியாடெக் நிறுவனத்தின் ஹீலியோ பி70. நான்கு ஆண்டு பழைய, 12 நானோமீட்டர் சிப்பைப் புதுப் போனில் வைப்பது வாங்குபவரின் ஆண்டுகளைத் திருடுவதற்குச் சமம். பழைய பிளாக்பெரி கிளாசிக்கின் உடலுக்குள் புதுப் பலகையைப் பொருத்தி வரும் ஸின்வா கியூ25இல் ஹீலியோ ஜி99. 6 நானோமீட்டர், இரண்டு ஏ76 கோர்கள். 720க்கு 720 திரைக்கு அது தாராளம், ஏனென்றால் 2400க்கு 1080 திரை கொண்ட சாதாரணப் போனின் பிக்சல்களில் ஐந்தில் ஒரு பங்குதான் அங்கே இருக்கிறது. ஆனால் அதில் 5ஜி இல்லை, அது சிப்பின் எல்லை. 2025இல் வந்த, யூனிஹெர்ட்ஸின் டைட்டன் 2இல் மீடியாடெக்கின் டைமென்சிட்டி 7300. 4 நானோமீட்டர், நான்கு ஏ78 கோர்கள், 12 ஜிபி ரேம். என் கணக்கில் சரியான இடம் இதுதான். இதற்கு மேல் போகும் ஒவ்வொரு படிக்கும் கொடுக்கும் பணத்தை நல்ல விசைகளுக்கும் ஸ்டோரேஜுக்கும் செலவழித்தால் பலன் அதிகம். குறிப்பாக ஸ்டோரேஜ். ஆப் திறக்கத் தாமதமானால் பழி பிராசஸர்மேல் விழுகிறது. பல நேரம் காரணம் மெதுவான இஎம்எம்சி வகை ஸ்டோரேஜ் சிப்தான். அதற்குப் பதில் வேகமான யூஎஃப்எஸ் வகை ஸ்டோரேஜ் வைத்தாலே பாதிப் புகார் போய்விடும்.

உச்ச ரகம் நிஜமாகவே தேவைப்படுபவர்கள் இருக்கிறார்கள். கேமராதான் முக்கியம் என்பவருக்குப் படத்தைச் செப்பனிடும் பகுதி சிப்புக்குள்ளேயே இருப்பதால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். பழைய கேம் கன்சோல்களின் விளையாட்டுகளைப் போனில் ஓடவைக்கும் எமுலேட்டர் மென்பொருள் ஓட்டுபவர்களுக்கும், போனை மானிட்டரில் மாட்டிக் கணினிபோல் பயன்படுத்துபவர்களுக்கும் கிராஃபிக்ஸ் பலம் வேண்டும். இவர்கள் நடுத்தர சிப்பைக் கண்டு ஏமாற்றமடைவது சரியே.

மற்றவர்கள் முன்பதிவு செய்வதற்கு முன் தயாரிப்பாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தச் சிப் எந்த ஆண்டு வெளியானது? பாதுகாப்பு அப்டேட் எந்தத் தேதி வரை என்று எழுத்தில் தருவீர்களா? பூட்லோடரைத் திறக்க விடுவீர்களா? மூன்றில் இரண்டுக்காவது நேரான பதில் வராவிட்டால், உள்ளே எந்தச் சிப் இருந்தாலும் நான் பணம் கட்டமாட்டேன்.