பார்ட்னர் விசாவுக்கு ஏஜென்ட் வெச்சோம்: எதுக்கு காசு கொடுத்தோம், எதை நாங்களே செஞ்சோம்

ஆஸ்திரேலியா பார்ட்னர் விசாவுக்கு (புருஷனோ பொண்டாட்டியோ அங்க இருந்தா கூட போய் சேர்றதுக்கான விசா) ஏஜென்ட் வேணுமா வேணாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க, அதனால எங்க கதைய எழுதிடறேன். கம்பெனி பேர் போடல. பாராட்டும் இருக்கு, திட்டும் இருக்கு, மார்க் கேட்டா 5க்கு 3.

என் வைஃப் அங்க நர்ஸ், பிஆர் (நிரந்தரமா தங்கற உரிமை) வாங்கிட்டா, நான் ஆஸ்திரேலியாவுக்கு வெளிய இருந்து அப்ளை பண்ணேன். வெளிய இருந்து போட்டா 309ங்கற நம்பர் விசா, அதோடயே 100ங்கற நிரந்தர விசாவுக்கும் சேர்த்தே போடறதுதான், அப்ளிகேஷன் ஒண்ணு ஃபீஸும் ஒண்ணு. (உள்ள இருந்துகிட்டே போடறவங்களுக்கு 820, 801.) 309 தற்காலிகம்தான், அப்ளை பண்ண தேதில இருந்து 2 வருஷம் ஆனப்புறம் நிரந்தரத்துக்கு பாப்பாங்க. கவர்மென்ட் ஃபீஸ் 2024 ஜூலைல 9,095 டாலர் ஆச்சு, ரிஜெக்ட் பண்ணா அது திரும்பி வராது. உண்மைய சொல்லணும்னா அந்த பயத்துலதான் ஏஜென்ட் கிட்ட போனோம், ஃபார்ம் நிரப்ப தெரியாம இல்ல.

முதல்ல ஒருத்தர் கிட்ட ஃபோன்ல பேசினோம், எடுத்த உடனே "விசா கேரண்டி சார்"ன்னாரு. ரிஜிஸ்டர் நம்பர் கேட்டேன், பேச்ச மாத்திட்டாரு. அங்க மைக்ரேஷன் ஏஜென்ட்னா ஓமாராவுல (ஏஜென்ட்கள பதிவு பண்ற அரசு அலுவலகம்) பதிஞ்சு 7 இலக்க நம்பர் வெச்சிருக்கணும் (இல்லன்னா வக்கீலா இருக்கணும்), யாரு வேணா ஆன்லைன்ல தேடிப் பாக்கலாம், கேரண்டி குடுக்கறது அவங்க விதிப்படியே தப்பு. அடுத்தது பாத்த இடம்தான் இது, இவங்க நம்பர் லெட்டர்ஹெட்லயே இருந்துச்சு, எழுத்துல அக்ரிமென்ட் போட்டு எந்த வேலைக்கு எவ்வளவுன்னு பிரிச்சு காட்டினாங்க.

நல்லதை முதல்ல சொல்லிடறேன். எங்க கேஸ பாத்த அம்மா கெட்டிக்காரங்க. நாங்க எப்படி பழகினோம் எப்படி கல்யாணம் ஆச்சுன்னு ஸ்டேட்மென்ட் எழுதணும்ல, நான் உருகி உருகி 4 பக்கம் எழுதி அனுப்பினேன். "தம்பி, லவ் லெட்டர் நல்லா இருக்கு, கரண்ட் பில் யாரு கட்டறாங்கன்னு எங்கயுமே இல்லையே"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அப்பதான் புரிஞ்சது, ஆபீசர் பாக்கறது பணம், வீட்டு நிர்வாகம், ஊர் உலகத்துக்கு நம்மள தம்பதியா தெரியுமா, கடைசி வரைக்கும் சேர்ந்து இருக்கற எண்ணம் இருக்கா, இந்த 4 விஷயம்தான். அதுக்கப்புறம் ரெண்டு பேர் ஸ்டேட்மென்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு படிச்சு, நாங்க முதல்ல சந்திச்சத நான் மார்ச்னும் அவ மே மாசம்னும் எழுதியிருக்கறத புடிச்சாங்க. (மே தான் சரி, இன்னும் அதுக்கு திட்டு வாங்கிட்டு இருக்கேன்.) இன்னொன்னு, எங்க கிட்ட தனித்தனியா பேசினாங்க, வீட்டுல அடி உதைன்னு நடந்து உறவு முறிஞ்சா அதுக்குன்னு சட்டத்துல தனி வழி இருக்கு, விசா போயிடுமோன்னு பயந்து யாரும் பல்லக் கடிச்சிட்டு இருக்க வேண்டியதில்லன்னு ரெண்டு பேருக்கும் சொன்னாங்க. எங்களுக்கு தேவைப்படல, ஆனா கேக்காமலே சொன்னது பெரிய விஷயம்.

இப்ப திட்டு. போலீஸ் கிளியரன்ஸ், அதாவது நம்ம மேல குற்றம் எதுவும் இல்லன்னு போலீஸ் தர்ற சர்டிஃபிகேட். கடைசி 10 வருஷத்துல மொத்தம் 12 மாசமோ அதுக்கு மேலயோ எந்த நாட்டுல இருந்திருந்தாலும் அங்க இருந்து வாங்கணும், நான் வேலைக்குன்னு 3 வருஷம் வேற நாட்டுல இருந்தவன், அங்கருந்து ரேகை அது இதுன்னு அலைஞ்சு வாங்கறதுக்குள்ள உயிரே போயிடுச்சு. அத முதல் வாரமே வாங்கச் சொன்னாங்க, மத்த பேப்பர் சேர்க்கவே எங்களுக்கு 5 மாசம் ஆச்சு, லாட்ஜ் பண்ணி (அப்ளிகேஷன சமர்ப்பிச்சு) காத்திருக்கறதுக்குள்ள 12 மாச வேலிடிட்டி முடிஞ்சு மறுபடியும் அதே அலைச்சல். கேட்டா "சில சமயம் அப்படி ஆகும்"ன்னு ஒரு வரி ஈமெயில், அதுவும் 9 நாள் கழிச்சு. லாட்ஜ் பண்ற வரைக்கும்தான் அந்த அம்மா, அப்புறம் கேஸ ஒரு ஜூனியர் பையன் கிட்ட தள்ளிட்டாங்க. அப்ளிகேஷன் அவங்க ஆன்லைன் அக்கவுண்ட்ல இருந்ததால என்ன ஏத்தினாங்க ஏத்தலன்னே எங்களுக்கு தெரியல, ஒருநாள் சண்டை போட்டு லிஸ்ட் வாங்கினா ஃபார்ம் 888 ரெண்டுல ஒண்ண காணோம். அது நம்மள தெரிஞ்ச சிட்டிசனோ பிஆரோ எழுதித் தர்ற சாட்சி, வைஃப் கூட வேலை பாக்கறவங்க நைட் ஷிப்ட் முடிச்சு தூக்கத்தோட உக்காந்து எழுதினது. இதுக்குத்தான் அந்த 2 மார்க் போச்சு.

எவிடென்ஸ் சேர்க்கற வேலை மொத்தமும் நம்மளுதுதான், அத மனசுல வெச்சுக்கோங்க. சாட், பேங்க் ஸ்டேட்மென்ட், டிக்கெட், எல்லாம் தேதி வாரியா அடுக்கினது என் வைஃப்தான்.

விசா வந்து இறங்கினப்புறம் எந்த ஏஜென்டும் கூட வரப்போறதில்ல. 309 இருந்தா மெடிகேர்ல (அங்க அரசு மருத்துவ காப்பீடு) சேரலாம்ங்கறத கூட வைஃப் ஆஸ்பத்திரில ஒருத்தங்க சொல்லித்தான் தெரியும். வேலை பாக்க உரிமை இருக்கு, வேலைதான் இல்ல, போற இடமெல்லாம் லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கான்னு கேப்பாங்க, இப்பதானேங்க இறங்கினேன்? அவ நைட் ஷிப்ட் முடிச்சு பகல்ல தூங்குவா, நான் டம்ளர் சத்தம் கேக்காம வீட்டுக்குள்ள பூனை மாதிரி நடப்பேன், 10 வருஷம் சம்பாதிச்ச ஆளுக்கு பஸ் கார்டுக்கு கூட பொண்டாட்டி கிட்ட கேக்கறது முதல் 4 மாசம் என்னவோ போல இருந்துச்சு. இத யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா கொஞ்சம் காசாவது தனியா சேர்த்து வெச்சிருப்பேன்.

அடுத்தது 100, அந்த நிரந்தர விசா. அதுக்கு தனி ஃபீஸ் கிடையாது, சாட்சியும் புது எவிடென்ஸும் மறுபடி ஏத்தணும். அதே ஆபீஸ்ல இருந்து புது அக்ரிமென்ட் அனுப்பியிருக்காங்க. வைஃப் அத திறந்து கூட பாக்கல, ரெஃபரன்ஸ் நம்பர போட்டு அப்ளிகேஷன எங்க சொந்த அக்கவுண்டுக்கு இம்போர்ட் பண்ணிட்டா. கரண்ட் பில் இப்ப என் பேர்லதான் வருது.