முதல் சர்வீஸில் மாற்றாத ஆயில்

கடையின் பெயர் வேண்டாம். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர் பைக் ஷோரூம், அவ்வளவுதான். அவர்களுக்கென்று ஒரு ரைடர்ஸ் வாட்ஸ்அப் குரூப் உண்டு. ஞாயிறு விடியற்காலையில் முப்பந்தல் காற்றாலைகள் வரை ஒரு ஓட்டம், அடுத்த வாரம் மாத்தூர் தொட்டிப்பாலம், திரும்பும் வழியில் பழம்பொரியும் சாயாவும். வண்டி எடுப்பதற்கு முன்பே ஒரு நண்பன் பின்னால் உட்காரவைத்து இரண்டு முறை கூட்டிப் போனான். சாயா காசை ஷோரூம் மேனேஜரே கொடுப்பார். "மக்கா" என்று தோளில் கைபோடுகிற மனுஷனிடம் பில்லை வரிவரியாக எப்படிக் கேட்பது? நான் கேட்கவில்லை.

பில்லில் ஹேண்ட்லிங் சார்ஜ் 2,500 ரூபாய். ஆர்டிஓ கட்டணத்தில் அப்படி ஒரு தலைப்பே கிடையாது. ஹெல்மெட்டுக்குத் தனியாக 1,400. புது பைக்கோடு ஹெல்மெட் கொடுக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 138-லேயே இருக்கிறது. இன்சூரன்ஸ் "அஞ்சு வருஷம் ஃபுல்" என்றார்கள். 2018 செப்டம்பரிலிருந்து 5 வருஷம் கட்டாயம் என்பது தேர்ட் பார்ட்டிக்கு, அதாவது நம் வண்டியால் மற்றவர்களுக்கு வரும் சேதத்துக்கு மட்டும்தான். நம் வண்டியின் சேதத்துக்கான பகுதி ஒரே வருஷம். சரி, படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் தப்பு என்று விட்டுவிட்டேன்.

முதல் சர்வீஸை அப்படி விட முடியவில்லை. லேபர் இலவசம், ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் பைசா. அது எங்கேயும் உள்ளதுதான். வீட்டுக்குத் திரும்பும்போது வில்லுக்குறி தாண்டுவதற்குள் கியர் பழையபடியே கடகடவென்று விழுந்தது. ஓரமாக நிறுத்தி, வண்டியை நேராக நிமிர்த்தி, எஞ்சினில் ஆயில் தெரிகிற சின்னக் கண்ணாடியைப் பார்த்தேன். தார் மாதிரி இருந்தது. அப்போதுதான் ஊற்றிய ஆயில் பத்து கிலோமீட்டரில் இப்படிக் கறுக்காது.

மறுநாள் தக்கலையில் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் போனேன். வடித்த ஆயிலை இரண்டு விரலில் தேய்த்து வெயிலில் காட்டினார். பொடிப்பொடியாக மினுங்கியது. புது எஞ்சின் பழகும்போது உதிரும் உலோகத்தூள். அதை வெளியேற்றத்தான் முதல் சர்வீஸே. ஃபில்டரும் பழையதுதான், கறுத்து ஊறிப்போயிருந்தது. "நல்ல வேளை மக்கா, இப்பமே பாத்த" என்றார்.

மேனேஜருக்குப் போன் செய்தால், "பையன் மறந்திருப்பான், கொண்டு வாங்க, பாத்துக்கிடலாம்." பில்லையும் ஆயில் போட்டோவையும் குரூப்பில் போட்டேன். பத்து நிமிஷத்தில் பதிவைக் காணோம், கொஞ்ச நேரத்தில் நானும் இல்லை. குரூப் அட்மினே அவர்தான்! அன்று இரவு இரண்டு பேர் தனியாகக் கூப்பிட்டு, தங்களுக்கும் இதேதான் நடந்தது என்றார்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "பொறவும் வண்டிய அங்கதானே விடணும் ஓய்" என்றார் ஒருவர். அவரைக் குறைசொல்ல மனசு வரவில்லை.

பைக் எடுக்கப் போகிறவர்கள், கடை நடத்தும் குரூப்பில் இல்லாத ஆட்களிடம் விசாரியுங்கள். சர்வீஸின்போது பக்கத்திலேயே நில்லுங்கள், கழற்றிய ஃபில்டரைக் கேட்டு வாங்குங்கள். நான் நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை மனுவுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அடுத்தது அங்கேதான். மெக்கானிக் அண்ணன் எழுதிக் கொடுத்த சீட்டும் அந்தப் பழைய ஃபில்டரும் ஒரு பாலித்தீன் கவரில் பத்திரமாக இருக்கின்றன.