வீட்டு அடுப்பில் சீன மாட்டிறைச்சி ஸ்டிர் ஃப்ரை: கான்டனீஸ் வழியா, சிச்சுவான் வழியா?

வீட்டில் மாட்டிறைச்சியும் காயும் போட்டு ஸ்டிர் ஃப்ரை செய்து பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள். கறி சாம்பல் நிறத்தில் வெந்திருக்கும், காய் துவண்டிருக்கும், அடியில் நீர் தேங்கி நிற்கும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சமைத்துக்கொண்டிருந்தேன். சாஸை மாற்றினேன், சட்டியை மாற்றினேன், இன்னும் நல்ல கறியாகப் பார்த்து வாங்கினேன். எதுவும் உதவவில்லை. கோளாறு வேறு இடத்தில் இருந்தது.

சீன உணவகத்தில் வோக் என்னும் குழிந்த வாணலியை வைக்கும் அடுப்பு 30 கிலோவாட் வரைக்கும், சில இடங்களில் அதற்கு மேலும் வெப்பம் தரும். வீட்டு எரிவாயு அடுப்பின் பெரிய பர்னர் 3 கிலோவாட் அளவுதான். அதிலும் பாதிக்கு மேல் சட்டியின் பக்கவாட்டில் காற்றோடு போய்விடும். இப்போது கறியிலிருந்து 50 கிராம் நீர் கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஆவியாக்க மட்டுமே வீட்டு அடுப்புக்கு ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் பிடிக்கும். நீர் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. கறி சிவந்து மணம் வர 140 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆக அந்த ஒன்றரை நிமிடமும் நாம் வதக்கவில்லை, வேகவைக்கிறோம். மெல்லிய கறித்துண்டு கெட்டுப்போக அது போதும்.

இந்த நீரை என்ன செய்வது என்பதற்குச் சீனச் சமையலிலேயே நேரெதிரான இரண்டு பதில்கள் இருக்கின்றன. ஒன்று, நீரைக் கறிக்குள்ளேயே பூட்டி வைப்பது. தென் சீனாவின் குவாங்டாங் மாகாணத்துக் கான்டனீஸ் சமையல்காரர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். மற்றொன்று, நீரைப் பொறுமையாக முழுக்க வெளியேற்றிவிடுவது. தென்மேற்குச் சீனாவின் சிச்சுவானில் 'கான் பியான்' என்று சொல்லும் உலர் வறுவல் இந்த வகை. இரண்டையும் வீட்டு அடுப்பில் வைத்துத்தான் இங்கே எடைபோடுகிறேன்.

கான்டனீஸ் வழி: பூட்டி வைப்பது

கறியை இழைக்குக் குறுக்கே 3 மில்லிமீட்டர் கனத்தில் நறுக்க வேண்டும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் குறுக்கே, பன்றிக்கு நெடுக்கே, கோழிக்குச் சாய்வாக என்று சீனர்களிடம் ஒரு வழக்கு உண்டு. கறியை அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து லேசாக விறைக்கவிட்டால் கத்தி வழுக்காமல் இறங்கும். அப்புறம் ஊறல். 300 கிராம் கறிக்கு ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு மேசைக்கரண்டி ஷாவ்ஷிங் ஒயின் (சீன அரிசி மது), இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர். கறி அந்தத் தண்ணீரைக் குடிக்கும்வரை கையால் பிசைய வேண்டும். அதன் பிறகுதான் இரண்டு டீஸ்பூன் சோள மாவு (கார்ன்ஃப்ளோர்). கடைசியில் ஒரு டீஸ்பூன் எண்ணெய், துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க. இந்த வரிசை முக்கியம். மாவை முதலில் போட்டுவிட்டால் தண்ணீர் உள்ளே போகாது, எண்ணெயை முதலில் ஊற்றிவிட்டால் எதுவுமே ஒட்டாது.

பின்னங்கால் பகுதி மாதிரி முரட்டுக் கறி என்றால் கால் டீஸ்பூன் சமையல் சோடா சேர்த்து இருபது நிமிடம் வைக்கலாம். சோடா கறியின் காரத்தன்மையைக் கூட்டுகிறது. அதனால் சூட்டில் புரதங்கள் இறுகப் பிணைந்து நீரைப் பிழிந்து தள்ளுவது குறைகிறது. அளவு மிஞ்சினால் சோப்பு வாடை வந்துவிடும், கறியும் ரப்பர் மாதிரி வழவழக்கும். பப்பாளிக்காயை அரைத்துத் தடவுகிறவர்களும் உண்டு. அதிலுள்ள பப்பாயின் நொதி வேலை செய்யும் விதம் வேறு. அது புரதத்தையே அறுக்கிறது. மெல்லிய துண்டில் மேற்பரப்பு கூழாகி, சட்டியில் பட்டதும் கரைந்துவிடுகிறது. ஸ்டிர் ஃப்ரைக்கு அது வேண்டாம். நல்ல ஃப்ளாங்க் (வயிற்றுப் பக்கக் கறி) அல்லது சர்லாயின் (இடுப்புக் கறி) கிடைத்தால் சோடாவும் தேவையில்லை, குறுக்கே வெட்டினாலே போதும்.

ஊறிய கறியை முதல் சூட்டில் கொண்டுபோக மூன்று முறைகள் இருக்கின்றன. தேர்வு உண்மையில் இங்கேதான் கடினம்.

உணவகத்தில் செய்வது எண்ணெயில் போட்டெடுப்பது. 130, 140 டிகிரிச் சூட்டில் நிறைய எண்ணெய், அதில் அரை நிமிடம், உடனே வடித்துவிட வேண்டும். மாவு மெல்லிய உறையாகி நீரை உள்ளே நிறுத்திக்கொள்ளும். கறி பட்டு மாதிரி இருக்கும். மென்மையை மட்டும் பார்த்தால் இதை வேறு எதுவும் நெருங்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 300 கிராம் கறிக்கு அரை லிட்டர் எண்ணெய் வேண்டும். உணவகத்தில் அதே எண்ணெய் அடுத்த தட்டுக்கும் அதற்கடுத்த தட்டுக்கும் பயன்படும். வீட்டில் கறிவாடை ஏறிய எண்ணெயை வடிகட்டி எடுத்துவைத்து என்ன செய்வது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

அதற்கு மாற்றாகச் சொல்லப்படுவது, கொதிநீரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு அதில் போட்டெடுப்பது. சுத்தமான வேலை, எண்ணெய்ச் செலவும் இல்லை. கோழிக்கும் இறாலுக்கும் அருமையாக வருகிறது. மாட்டிறைச்சிக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். மாட்டின் ருசியில் பாதி அது சிவக்கும்போது வருவது. தண்ணீரில் வெந்து வெளுத்த துண்டை அப்புறம் எத்தனை தரம் சட்டியில் புரட்டினாலும் அந்த மணம் திரும்பி வராது.

மூன்றாவது, நேரடியாகச் சட்டியில் போட்டுச் சிவக்கவிடுவது. புகை எழும்வரை வெறும் சட்டியைக் காயவைத்து, எண்ணெய் விட்டு, உடனே கறி. சூடான சட்டி, குளிர்ந்த எண்ணெய் என்று சீனச் சமையல்காரர்கள் சொல்வது இதைத்தான். ஒரு தடவைக்கு 150 கிராமுக்கு மேல் போடக் கூடாது. ஒற்றை அடுக்காகப் பரப்பிவிட்டு, முக்கால் நிமிடம் கையை வைக்காமல் இருக்க வேண்டும். இது உண்மையிலேயே கஷ்டம், கிளறச் சொல்லிக் கை பரபரக்கும். அடிப்பக்கம் சிவந்ததும் ஒரு புரட்டு, முக்கால் வேக்காட்டில் எடுத்துத் தனித் தட்டில் வைத்துவிட்டு அடுத்த பாதி. எண்ணெயில் போட்டெடுத்த கறியின் மென்மையில் கொஞ்சம் குறையும். ருசியில் குறையாது, கூடும். வீட்டுக்கு நான் எடுப்பது இந்த முறையைத்தான்.

வோக்கா, தட்டைச் சட்டியா?

இதில் நான் ஊரோடு ஒத்துப்போகவில்லை. ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள கார்பன் ஸ்டீல் வோக், கீழே இருந்து இடைவிடாமல் சுடர் வந்து மோதும்வரை அற்புதமான பாத்திரம். சுடர் மெலிந்தால் அதே மென்கனம் பகையாகிவிடுகிறது. குளிர்ந்த கறி விழுந்த நொடியில் சூட்டை இழந்துவிடும், மீள நேரமாகும். அடி உருண்டையாக இருந்தால் வீட்டு பர்னரில் சரியாக உட்காரவும் செய்யாது. கனமான, அகலமான வார்ப்பிரும்புத் தட்டைச் சட்டி சூடேற ஐந்து நிமிடம் எடுக்கும். ஆனால் ஏறிய சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், கறி பரவ இடமும் கொடுக்கும். கான்டனீஸ் வழியில் கறியைச் சிவக்கவைக்க வீட்டில் தட்டைச் சட்டியே மேல்.

சட்டியை எறிந்து புரட்டும்போது எண்ணெய்த் துளிகள் சுடரில் பற்றி வரும் அந்த 'வோக் ஹே' மணம் தட்டைச் சட்டியில் கிடைக்காது. மெலிந்த சுடர் உள்ள வீட்டில் வோக்கிலும் அது சரியாகக் கிடைப்பதில்லை என்பதால் அதை இழப்பாக நான் எண்ணுவதில்லை. ஒட்டாத பூச்சுள்ள சட்டி இந்த வேலைக்கே வேண்டாம். 260 டிகிரிக்கு மேல் டெஃப்லான் பூச்சு சிதையத் தொடங்கும். வெறும் சட்டியைப் புகைய விடும்போது அந்தச் சூட்டை வெகு சீக்கிரம் தொட்டுவிடுவோம்.

சிச்சுவான் வழி: வெளியேற்றுவது

கான் பியானில் எல்லாமே தலைகீழ். கறியைத் தீக்குச்சி மாதிரி மெல்லிய கீற்றுகளாக நறுக்க வேண்டும். சோடா இல்லை, மாவு இல்லை. கறியை ஒட்டுமொத்தமாக எண்ணெயில் போட்டுவிடலாம். நீர் விடும், கொதிக்கும், எண்ணெய் கலங்கும். கான்டனீஸ் வழியில் பதறவேண்டிய இடம் இது, இங்கே காத்திருக்கவேண்டிய இடம். கிளறிக்கொண்டே இருந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் நீர் வற்றி, கலங்கிய எண்ணெய் தெளிந்து, சத்தம் மாறும். கொதிக்கும் களகளப்பு போய்ப் பொரியும் சடசடப்பு வரும். காதைக் கொடுத்தாலே போதும், நேரம் பார்க்கத் தேவையில்லை. கீற்றுகள் சுருங்கி, கருஞ்சிவப்பாகி, ஓரம் மொறுமொறுத்து, மெல்ல மெல்ல ருசி ஊறும்.

அதன் பிறகு காய்ந்த மிளகாய், இஞ்சி, ஒரு மேசைக்கரண்டி தோபன்ஜியாங். ஃபாவா பீன்ஸும் மிளகாயும் சேர்த்துப் புளிக்கவைத்த இந்த விழுதுக்கு சிச்சுவானின் பீஷியன் பகுதி பேர்போனது. எண்ணெய் சிவக்கும்வரை அதை வதக்கிவிட்டு, கீற்றாக நறுக்கிய செலரியைப் போட்டு ஒரு நிமிடம். இறக்கும்போது சிச்சுவான் மிளகுத்தூள். மாவு கரைத்து ஊற்றிக் குழம்பாக்கும் வேலை இதில் கிடையாது.

இந்த முறை சூறாவளிச் சுடரைக் கேட்பதில்லை என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வருவது. நிதானமாக நீரை வற்றவிடுவதே இதன் வேலை. வீட்டு அடுப்பால் அதை உணவகத்துக்கு இணையாகச் செய்ய முடியும். வோக்கிலும் செய்யலாம், உள்ளே குவிந்து நிற்கும் எண்ணெய் கறியை மூடிக்கொள்வதால் வோக் நல்லதும்கூட. சீனச் சமையலை வீட்டில் தொடங்குகிறவர்களிடம் எல்லோரும் ஆய்ஸ்டர் சாஸும் புரொக்கோலியும்தான் முதல் பாடம் என்கிறார்கள். அடுப்பை வைத்துப் பார்த்தால் கான் பியான்தான் முதல் பாடமாக இருக்க வேண்டும்.

குறையும் இருக்கிறது. 300 கிராம் கறி வற்றி வெகுவாகச் சுருங்கிவிடும், நான்கு பேருக்குப் போதாது. மெல்லும்போது நார் தெரியும். பல் வலுவில்லாத பெரியவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் இது ஏற்றதல்ல. காரத்தைக் குறைத்தால் பண்டமே வேறாகிவிடும்.

காய்கள்

காய்களைப் பொறுத்தவரை கான்டனீஸ் வழியில் தேர்வு அதிகம். கான் பியானுக்கு செலரி, பூண்டுத்தண்டு மாதிரி சட்டென்று நீர் விடாத, மணமுள்ள காய்களே ஒத்துவரும். கான்டனீஸ் வழியில் எதை வேண்டுமானாலும் போடலாம், ஆனால் ஒவ்வொன்றையும் தனியாகக் கவனிக்க வேண்டும். புரொக்கோலியைப் பச்சையாகப் போட்டால் தண்டு வேகுமுன் பூ கருகும். கொதிக்கும் உப்புநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து, நன்றாக உதறி, துணியில் ஒற்றிவிட்டுச் சட்டியில் சேர்க்க வேண்டும். சூடான காய் உள்ளே போவதால் சட்டியும் குளிராது. காய் லானுக்கும் இதே முறை. கான்டனீஸ் வீடுகளில் மாட்டிறைச்சியோடு சேர்வது இந்தக் கீரைத்தண்டுதான், அமெரிக்காவின் சீன உணவகங்களில் அதன் இடத்துக்குப் புரொக்கோலி வந்தது. தாவரவியலில் இரண்டும் ஒரே இனம். கொஞ்சம் கசப்பு பிடிக்கும் என்றால் காய் லான், சாஸை உறிஞ்சும் காய் வேண்டும் என்றால் புரொக்கோலி.

குடைமிளகாயையும் வெங்காயத்தையும் வேகவைக்கவே கூடாது, காய்ந்த சட்டியில் நேராக ஒரு நிமிடம். காளானைத் தனியாக, உப்பில்லாமல், அதன் நீர் வற்றும்வரை வதக்கி எடுத்துவைத்துவிட வேண்டும். உறைந்த காய்ப் பொட்டலம் இதற்கு ஆகாது, அத்தனையும் நீர்.

சாஸ் பற்றிச் சுருக்கமாக. வெளிர் சோயா சாஸ் உப்புக்கும் ருசிக்கும், அடர் சோயா சாஸ் நிறத்துக்கு. அடர் சாஸ் அரை டீஸ்பூன் போதும். அதோடு ஆய்ஸ்டர் சாஸ் சேர்ந்தால் இனிப்பும் பளபளப்பும் வரும். இதுவும் குவாங்டாங் மாகாணத்துச் சொத்து. நான்ஷுயில் லீ கும் ஷியுங் 1888இல் இதற்காகத் தொடங்கிய கடைதான் இன்றைய லீ கும் கீ சாஸ் நிறுவனம். கருப்பு சோயாவை உப்பில் புளிக்கவைத்த தௌச்சி இன்னொரு வழி. குடைமிளகாயோடு அதுதான் எனக்குப் பிடிக்கும், புரொக்கோலியோடு ஆய்ஸ்டர் சாஸ். எந்த சாஸானாலும், அரை டீஸ்பூன் சோள மாவை இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து, கறியும் காயும் மறுபடி சட்டியில் ஒன்றுசேர்ந்த பிறகு ஊற்றி, பளபளப்பு ஏறியதும் இறக்கிவிட வேண்டும். முப்பது நொடிக்கு மேல் போனால் இதுவரை காப்பாற்றிய நீர் கறியிலிருந்து கசியத் தொடங்கும்.

என் வீட்டில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. நாலைந்து பேர் உட்கார்ந்து உடனே சாப்பிடும் நாளில் ஆய்ஸ்டர் சாஸும் புரொக்கோலியும், தட்டைச் சட்டியில், இரண்டு மூன்று தவணையாக. நானும் இன்னொருவரும் மட்டும் என்றால், அல்லது மறுநாள் டப்பாவில் எடுத்துப்போக வேண்டும் என்றால் கான் பியான். மாவுறை போட்ட கறியை மறுநாள் சூடாக்கினால் சாஸ் நீர்த்து, கறி இறுகிவிடும். கான் பியானுக்கு அந்தக் கவலை இல்லை. ஆறிய பிறகும், சுடச்சுட இருக்கும் சோற்றின் மேல் அப்படியே போட்டுச் சாப்பிடலாம்.