வாடகை ரூம் கதவை ஓட்டை போடாம, ஆணி அடிக்காம பூட்டுறது: ரெண்டு வருஷத்துக்கு மேல யூஸ் பண்ணின அனுபவம்

கோலாலம்பூர்ல ரூம் எடுத்து தங்குறவங்க, முக்கியமா பொண்ணுங்க, இதை கொஞ்சம் பொறுமையா படிங்க. ரூம் பார்க்கப் போறப்ப வாடகை எவ்வளவு, ஏர்கான் ஓடுதா, வைஃபை யார் கட்டுறது, எல்ஆர்டி ரயிலுக்கு நடந்து போகலாமான்னு எல்லாம் கேட்போம், கதவு எப்படி பூட்டுதுன்னு மட்டும் பார்க்க மாட்டோம். நான் செந்தூல் பக்கம் ஒரு கொண்டோவுல மிடில் ரூம்ல இருக்கேன், மாஸ்டர் ரூம்ல ஒரு குடும்பம், சின்ன ரூம்ல அடிக்கடி ஆள் மாறும். எனக்கு ஆஸ்பத்திரியில ஷிப்ட் வேலை, நைட் முடிச்சு வந்தா பகல்லதான் தூக்கம், அந்த நேரம் பார்த்துதான் ஏஜண்ட் சின்ன ரூமைக் காட்ட ஆள் கூட்டிக்கிட்டு வருவாரு, எல்லா ரூம் சாவியும் அவர் கையில, ஒரு நாள் தட்டக்கூட இல்லாம என் ரூமையே திறந்துட்டாரு. சாரி சொல்லிட்டுப் போயிட்டாரு, எனக்கு அந்த வாரம் முழுக்க தூக்கமே சரியா வரல.

ஒரு தாழ்ப்பாள் அடிச்சா முடிஞ்சிடும்தான், ஆனா அக்ரிமெண்ட்ல ஓட்டை போடக்கூடாதுன்னு தெளிவா இருக்கு, ரெண்டு மாச வாடகை டெபாசிட்டா அங்க கிடக்கு, அதுக்கு மேல கரண்ட் தண்ணிக்கு அரை மாசம். அதனால கதவுக்கும் சுவருக்கும் ஒரு கீறல் விழாம என்ன செய்யலாம்னு தேடி ஒவ்வொண்ணா வாங்கி யூஸ் பண்ணிப் பார்த்தேன்.

வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க. கதவு எந்தப் பக்கம் திறக்குதுன்னு முதல்ல. ரூமுக்குள்ள நின்னு பார்த்தா கீல் தெரிஞ்சா, கதவு உள்பக்கமா திறக்குதுன்னு அர்த்தம். கடையில விக்கிற முக்கால்வாசி சாமான் இந்த மாதிரி கதவுக்குத்தான் வேலை செய்யும், வெளிப்பக்கமா திறக்குற கதவுக்கு கட்டை வச்சாலும் கம்பி முட்டுக் கொடுத்தாலும் பிரயோஜனம் இல்ல, வெளியில இருந்து இழுத்தா வந்துடும்.

ரெண்டாவது, இருக்கிற பூட்டையே நல்லா பாருங்க, இதைச் சொல்லத்தான் முக்கியமா எழுதுறேன். கதவு விளிம்புல பூட்டு நாக்கு இருக்குல்ல, அதை ஒட்டியே இன்னொரு சின்ன கம்பி இருக்கும், மலிவான பூட்டுல சிலதுல இருக்காது. கதவைச் சாத்தினதும் நாக்கு நிலையில இருக்கிற ஓட்டைக்குள்ள போகணும், அந்த சின்ன கம்பி போகக்கூடாது, அது நிலையில அடிச்சிருக்கிற தகட்டு மேல அழுந்தி நிக்கணும், அப்படி நின்னாத்தான் நாக்கை வெளியில இருந்து யாரும் தள்ள முடியாது. தகட்டு ஓட்டை பெருசா இருந்தா, இல்ல கதவு தளர்ந்து இறங்கியிருந்தா, சின்ன கம்பியும் சேர்ந்து உள்ள விழுந்துடும். அப்புறம் பழைய டச் அண்ட் கோ கார்டு ஒண்ணு போதும், இடுக்குல விட்டு நாக்கைத் தள்ளிடலாம், நீங்க பூட்டியிருக்கீங்கன்னு நம்பி தூங்கிக்கிட்டு இருப்பீங்க. கதவைத் திறந்து வச்சுக்கிட்டு சின்ன கம்பியை விரலால அழுத்திப் பிடிச்சு நாக்கைத் தள்ளிப் பாருங்க, உள்ள போகலன்னா பூட்டு நல்லா இருக்கு. அப்புறம் கதவைச் சாத்திட்டு அது தகட்டு மேலதான் உக்காருதான்னு பாருங்க. என் கதவுல விழுந்துடுச்சு. வீட்டுக்கார அங்கிள்கிட்ட வீடியோ எடுத்து அனுப்பினேன், அவரே ஆள் அனுப்பி தகட்டை மாத்திக் கொடுத்தாரு, எனக்கு ஒரு காசு செலவில்ல.

இப்ப வாங்கின சாமானுக்கு வரேன். முதல்ல வாங்கினது கதவுக்கு அடியில சொருகுற ரப்பர் கட்டை, மிஸ்டர் டிஐஒய் கடையில எல்லாம் கிடைக்கும், நாலஞ்சு வெள்ளிதான் (ரிங்கிட்). நம்ம ஊர்ல தரை எல்லாம் டைல்ஸ், தூசியோ ஈரமோ பவுடரோ கொஞ்சம் இருந்தா கட்டை அப்படியே வழுக்கிப் போயிடும். அடிப்பக்கத்தையும் தரையையும் நல்லா துடைச்சு காயவச்சா பிடிக்குது, தினமும் யார் துடைக்கிறது. அலாரம் வச்ச கட்டையும் இதே மாதிரிதான், 120 டெசிபல்னு பெட்டியில போட்டிருக்கும், சத்தம் நிஜமாவே பயங்கரமா இருக்கு, ஜன்னல் திறந்திருந்தப்ப காத்துக்கு கதவு லேசா அசைஞ்சதுக்கே கத்தி பக்கத்து ரூம் குழந்தை அழுதுடுச்சு. பின்னாடி திருகி சென்சிட்டிவிட்டி குறைக்கலாம், குறைச்சு வச்சதுக்கப்புறம் தொல்லை இல்ல. லீவுக்கு ஊருக்குப் போறப்ப பேட்டரியைக் கழட்டி வச்சிடுங்க, நம்ம ஊர் சூட்டுக்கு உள்ளேயே ஒழுகிடும்.

அடுத்தது டிராவல் லாக்னு ஆன்லைன்ல விக்கிறது, 20 வெள்ளி பக்கம் வந்துச்சு. ஒரு இரும்புத் தகடு, முனையில கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும், கதவைத் திறந்து வச்சு அந்தக் கொக்கியை நிலையில இருக்கிற ஓட்டைக்குள்ள மாட்டிட்டு கதவைச் சாத்தணும், தகட்டோட மிச்ச பாகம் உள்பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கும், அதுல இருக்கிற துளையில இன்னொரு துண்டை கதவை ஒட்டி சொருகணும், அவ்வளவுதான், வெளியில சாவி போட்டுத் திறந்தாலும் கதவு நகராது. ஹோட்டலுக்கு, ஹோம்ஸ்டேக்கு இதை விட நல்லது நான் பார்க்கல, கைப்பையில ஓரமா கிடக்கும். தினமும் யூஸ் பண்றப்பதான் குறை தெரிஞ்சுது. துளைக்கும் துளைக்கும் இடைவெளி இருக்கிறதால கதவு கொஞ்சம் ஆடும், நான் பழைய யோகா மேட்ல ஒரு துண்டு வெட்டி இடையில வச்சேன், ஆட்டம் நின்னுடுச்சு. இன்னொண்ணு, மரக்கதவு மழைக்காலத்துல ஊதும், அக்டோபர் நவம்பர்ல சாயந்தரம் தினமும் கொட்டுற நேரத்துல கதவுக்கும் நிலைக்கும் நடுவுல இடமே இல்லாம போய் தகடு நுழையல, பலமா சாத்தினா நிலையில பெயிண்ட் உரியுது. பெயிண்ட் உரிஞ்சா டெபாசிட்ல கை வைப்பாங்க, அதனால அந்த மாசங்கள்ல இதை எடுத்து வச்சிட்டேன். சில வீட்டுல நிலை ஓட்டை ஆழமே இருக்காது, கொக்கி உக்காராது, வாங்குறதுக்கு முன்னாடி சுண்டுவிரல் நுனியை விட்டுப் பாருங்க.

கடைசியா வாங்கினதுதான் இன்னிக்கு வரைக்கும் தினமும் யூஸ் பண்றது, நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற இரும்பு முட்டுக்கம்பி. மேல கவை மாதிரி இருக்கும், அதை கதவைத் திறக்கத் திருகுற நாப்போட கழுத்துக்கு அடியில கொடுக்கணும், கீழ ரப்பர் பாதம் தரையில உக்காரும். 70 வெள்ளிக்கு வாங்கினேன், இதை விட மலிவாவும் இருக்கு, ஆனா அந்தப் பாதம் தரைக்கு ஏத்த மாதிரி சாயுதான்னு பார்த்து வாங்குங்க, முழு ரப்பரும் தரையில படியணும், ஓரம் மட்டும் பட்டா வழுக்கும். சாய்வுதான் இதுல எல்லாமே. ரொம்பப் படுக்க வச்சா பாதம் பின்னால வழுக்கும், ரொம்ப நிமிர்த்தி வச்சா தள்ளுறப்ப மேல கவை நாப்பை விட்டு நழுவிடும், பாதி சாய்வுக்குக் கொஞ்சம் நிமிர்ந்த மாதிரி வச்சு, நீளத்தை ஒரு துளை கூட்டி இறுக்கமா நிக்க வச்சீங்கன்னா தள்ளத் தள்ள இன்னும் இறுகும். மாஸ்டர் ரூம் அக்காகிட்ட சொல்லி வெளியில இருந்து தோளால தள்ளச் சொன்னேன், அவங்க ஆள் கொஞ்சம் பலமானவங்க, கதவு ஒரு விரல் கூட நகரல. பாதத்தை வாரம் ஒரு தடவை ஈரத்துணியால துடைச்சு காயவிட்டா போதும். இத்தனை நாள் யூஸ்ல துளையில சொருகுற பின் லேசா தளர்ந்திருக்கு, மத்தபடி கம்பி வளையல, டைல்ஸ்ல கருப்புத் தடம் மட்டும் விழுந்துச்சு, பேக்கிங் சோடா தடவித் தேய்ச்சதும் போயிடுச்சு.

ஆனா இதெல்லாம் நீங்க ரூமுக்குள்ள இருக்கிறப்ப மட்டும்தான். வேலைக்குப் போயிட்டீங்கன்னா கம்பி உள்ள சும்மா நிக்கும், லேப்டாப்பும் நகையும் அந்தப் பழைய பூட்டை நம்பித்தான் கிடக்கும். எத்தனை பேர் அந்த ரூம்ல இருந்துட்டுப் போனாங்களோ, எத்தனை பேர் சாவி டூப்ளிகேட் போட்டாங்களோ, யாருக்குத் தெரியும். பட்டனை அழுத்திப் பூட்டுற நாப்பா இருந்தா வெளிப்பக்கம் சின்ன ஓட்டை இருக்கும், உள்ள மாட்டிக்கிட்ட குழந்தையை வெளிய எடுக்கிறதுக்காக வச்சது, ஒரு கம்பி விட்டா திறந்துடும். அதனால நான் அங்கிள்கிட்ட எழுத்துல பெர்மிஷன் கேட்டு வாட்ஸ்அப்ல ஓகே வாங்கி, புது சாவி இருக்கிற நாப்பா மாத்திட்டேன். ரெண்டு ஸ்குரூ, பழைய ஓட்டையிலேயே உக்காரும், புதுசா எதுவும் குடைய வேணாம். கதவு விளிம்புல இருந்து நாப் நடு வரைக்கும் அளந்துக்கிட்டுப் போங்க, 60 மில்லிமீட்டர் இல்ல 70 இருக்கும், ஹார்ட்வேர் கடையில அதைத்தான் முதல்ல கேட்பாங்க. ஒரு சாவியை கவர்ல போட்டு ஒட்டி மேல கையெழுத்துப் போட்டு அங்கிள்கிட்டயே கொடுத்தேன், ஏஜண்ட்கிட்ட கொடுக்க வேணாம்னு சொன்னேன், அவரும் நியாயம்தான்மான்னு சொல்லிட்டாரு. பழைய நாப்பு, ஸ்குரூ எல்லாம் ஒரு பையில கட்டி அலமாரி மேல இருக்கு, காலி பண்றப்ப அதையே திரும்ப மாட்டிடுவேன்.

நெருப்பு விஷயத்தை தயவு செஞ்சு லேசா எடுத்துக்காதீங்க. நம்ம ஊர்ல ஏற்கனவே வாசலுக்கு கிரில், அதுக்கு ஒரு பூட்டு, தீ பிடிச்சா சாவியைத் தேடுறதுக்குள்ள புகையில மாட்டிக்கிறாங்கன்னு பொம்பா, அதாவது தீயணைப்பு ஆளுங்க எத்தனையோ தடவை சொல்லிட்டாங்க. அதுக்கு மேல ரூம் கதவுலயும் ஒண்ணு வைக்கிறீங்கன்னா, லைட்டை அணைச்சிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, கட்டில்ல இருந்து எழுந்து போய் ஒரு கையால அதை எடுக்க முடியணும். முட்டுக்கம்பியை காலால ஒரு தட்டு தட்டினா விழுந்துடும், எனக்கு அது பிடிச்சதுக்கு இதுவும் ஒரு காரணம். டிராவல் லாக்ல அந்தச் சின்னத் துண்டை இருட்டுல தடவணும், அது எனக்கு ஒத்து வரல. சாவியும் போனும் தலைமாட்டுல இருக்கட்டும், 999 கூப்பிட்டா போலீஸ், பொம்பா, ஆம்புலன்ஸ் எல்லாத்துக்கும் ஒரே நம்பர்தான்.

உடம்பு சரியில்லாதப்பவும் கம்பி போடாதீங்க. எனக்கு டெங்கி வந்தப்ப எழுந்து பாத்ரூம் போறதுக்கே தலை சுத்திச்சு, மயங்கி விழுந்தா வெளியில இருந்து யாரும் உள்ள வர முடியாதுன்னு தோணுச்சு, கம்பியை எடுத்து கட்டிலுக்கு அடியில போட்டுட்டு அக்காகிட்ட மணிக்கு ஒரு தடவை எட்டிப் பாருங்கன்னு சொல்லி வச்சேன். வயசான அம்மா அப்பா, சின்ன பிள்ளைங்க தனியா தூங்குற ரூமுக்கு இதெல்லாம் வேணவே வேணாம்.

பினாங்குல என் சித்தி மக ஜார்ஜ்டவுன்ல பழைய கடைவீட்டு மாடியில இருக்கா, 2008ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்த பகுதி, அங்க ரெட்டைக் கதவு, தகடும் கிடையாது நாப்பும் கிடையாது, நான் சொன்னது எதுவுமே ஒத்து வராது. ஆனா ரெண்டு பக்கமும் குறுக்குக் கட்டை வைக்கிற இரும்புக் கொக்கி அந்தக் காலத்துலயே அடிச்சது இருந்துச்சு, கட்டைதான் காணோம். ஆசாரிகிட்ட அளவு கொடுத்து மெராந்தி மரத்துல ஒரு கட்டை அறுத்து வாங்கினா, அந்தக் கொக்கியிலேயே கச்சிதமா உக்காந்துடுச்சு, என் முட்டுக்கம்பியை விட அது உறுதின்னு நானே சொல்வேன்.

பால்கனி ஸ்லைடிங் கதவு இருக்கிற ரூம்னா அதையும் விட்டுடாதீங்க. நகருற கதவு உள்பக்கத்துப் பள்ளத்துல ஓடுறதா இருந்தா கீழ ஓடுற பள்ளத்துல ஒரு கட்டையோ அலுமினியக் குழாயோ படுக்க வச்சா போதும், வெளியில இருந்து தள்ள முடியாது. கதவைச் சாத்திட்டு மிச்ச நீளத்தை அளந்து, அதுல அரை சென்டிமீட்டர் குறைச்சுச் சொல்லுங்க, ஹார்ட்வேர் கடையிலேயே வெட்டிக் கொடுப்பாங்க, எனக்கு 6 வெள்ளி ஆச்சு.